மாடு மேய்த்த சர்க்கார்

அல்சூர் கேட் அல்சூரில் இல்லை. இது தெரியாமல் பெங்களூர் மெட்ரோவில் அல்சூர் ஸ்டேஷனில் இறங்கி, "அல்சூர் கேட் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்கும் வெளியூர்க்காரரைப் பார்த்தால் எங்கள் ஆட்டோக்காரர்களுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, பழைய பேட்டையின் ஓரத்தில், கன்னடத்தில் ஹலசூர் கேட் என்ற பெயரைத் தாங்கி ஒரு போலீஸ் ஸ்டேஷன் நிற்கிறது. கேட் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. பேட்டையிலிருந்து அல்சூருக்குப் போகிற வழியில் இருந்ததால் அந்தப் பெயர். அதே ஊரில் டெல்லி கேட்டும் இருந்தது. யாரும் டெல்லிக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

அந்த அல்சூர் கேட்டைக் கிழக்கிந்தியக் கும்பினிப் பட்டாளம் 1791 மார்ச் 7ஆம் தேதி உடைத்தது. உடைத்தவர்கள் வெள்ளைக்கார சோல்ஜர்கள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. சின்னப் பீரங்கிக்குக் கதவு மசியவில்லை, பெரிய பீரங்கியைக் கொண்டுவந்த பிறகுதான் வழிவிட்டது என்றும் அதே புத்தகங்கள் சொல்கின்றன. பெரிய பீரங்கி தானாக நடந்தா வந்தது? சென்னைப் பட்டணத்திலிருந்து அல்சூர் வாசல்வரை அதை இழுத்துவந்த மாடுகளுக்கு மெடலும் இல்லை, கல்லறைக் கல்வெட்டும் இல்லை. பில் மட்டும் உண்டு. அந்த பில்லைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

அந்தப் பட்டாளத்தை நடத்திவந்த காரன்வாலிஸ் பிரபு அதற்குப் பத்து வருஷம் முன்னால் யார்க்டவுனில் அமெரிக்காவைக் கோட்டை விட்டவர். அந்தக் கணக்கை நேர்செய்ய ஏதாவது ஒரு கோட்டையைப் பிடித்தே தீரவேண்டிய நெருக்கடி அவருக்கு. வேலூர்ப் பக்கமிருந்து கிளம்பி, சித்தூர், மொகிலி கணவாய், கோலார், ஹொஸகோட்டை என்று, இன்றைக்கு பழைய மெட்ராஸ் ரோடு போகிற போக்கிலேயே வந்து, மார்ச் 5ஆம் தேதி பெங்களூர் முன்னால் நின்றார். 7ஆம் தேதி பேட்டை. கர்னல் மூர்ஹவுஸ் அந்த வாசலிலேயே சுடப்பட்டுச் செத்தார். 21ஆம் தேதி இரவு கோட்டையும் விழுந்தது. கோட்டைக் காவலரான கில்லேதார் பகதூர் கான் கடைசிவரை நின்று உயிரை விட்டார். இதுவரை பள்ளிக்கூடப் பாடம்.

பாடத்தில் அவ்வளவாக வராதது அடுத்த இரண்டு மாதம். பிரபு திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கபட்டணத்தை ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்று மே மாதம் கிளம்பினார். ஒரு பட்டாளம் நகர்கிறது என்றால் சண்டை போடுகிறவர்கள் நகர்வது அதில் சின்னச் சமாச்சாரம். ஆபீசருக்குக் கூடாரம், கட்டில், மேஜை, நாற்காலி, ஒயின் பாட்டில், சலவைக்காரர், சமையல்காரர், சமையல்காரருக்கு ஓர் எடுபிடி. சிப்பாய்க்கு அரிசி, எல்லாருக்கும் சாராயம். இத்தனையும் மாட்டின் முதுகில். அந்த மாட்டுக்குத் தீனி இன்னொரு மாட்டின் முதுகில். அந்த இன்னொரு மாட்டுக்கும் வயிறு உண்டு என்பதை யாரோ கணக்கில் விட்டுவிட்டார்கள். திப்புவின் குதிரைப்படை வழியெல்லாம் வைக்கோலைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தது. மழையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. மாடுகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. ஸ்ரீரங்கபட்டணம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ராஜ்யத்தையே உடைக்கக் கொண்டுவந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டு, மே 26ஆம் தேதி பிரபு திரும்பி நடந்தார். சோல்ஜர்களே வண்டி இழுத்தார்கள். மாடு படும் பாடு என்ன என்று கும்பினிக்கு அப்போதுதான் தோளில் உறைத்தது.

திரும்புகிற வழியில் எதிரே குதிரைக் கூட்டம். எதிரி என்று பதறினார்கள். பார்த்தால் கூட்டாளிகளான மராட்டியர்கள், வரவேண்டிய நாளுக்குப் பிந்தி, ஆனால் ஒரு முழுச் சந்தையையே கூட அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தானியம், துணி, பழம், பாத்திரம், இல்லாதது இல்லை. விலைதான் கொஞ்சம் நட்புக்கு அப்பாற்பட்டு இருந்தது. பசித்த கூட்டாளியிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதில் மராட்டியத் தளபதிகளுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. சந்தைப் பொருளாதாரம் என்று இன்றைக்கு இதற்குக் கௌரவமாகப் பேர் சொல்கிறார்கள்.

கும்பினியிடம் சொந்த மாடு குறைவு. வாடகைக்குத்தான் எடுப்பார்கள். குத்தகைதாரருக்கு மாட்டுத் தலைக்கு மாதம் இவ்வளவு என்று கூலி. தலைக்கு இவ்வளவு என்று பேசினால் தலைதான் வரும். கால் நன்றாயிருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் யார் எழுதினார்கள்? நொண்டி, கிழடு, நேற்றுக் கன்று ஈன்ற பசு, எல்லாம் மஸ்டர் அன்று வரிசையில் நிற்கும். மஸ்டர் என்பது எண்ணிப்பார்க்கும் நாள். அந்த வைபவம் எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு சித்திரம் உண்டு. துரை நாற்காலியில். பக்கத்தில் குமாஸ்தா, கையில் பேரேடு. முதல் வரிசை மாடு எண்ணி முடித்ததும் புதருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மூன்றாம் வரிசையில் வந்து நிற்கிறது. "துரை, இது வேற மாடு துரை, அதோட தம்பி." துரைக்கு வெயில் தாளவில்லை. கையெழுத்து. பொய் மஸ்டர் என்பது அந்தக் காலத்துப் பட்டாளங்களில் ஆளுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. ஆளையாவது பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

இந்த வியாபாரம் எவ்வளவு ருசியானது என்பதற்கு வங்காளத்திலிருந்து ஒரு சாட்சி. 1779ல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பட்டாளத்துக்கு எருது சப்ளை செய்யும் குத்தகையை சார்லஸ் கிராஃப்ட்ஸ் என்ற தன் வேண்டப்பட்டவருக்குக் கொடுத்தார். பிறகு லண்டனில் எட்மண்ட் பர்க் ஹேஸ்டிங்ஸ்மேல் குற்றப் பத்திரிகை வாசித்தபோது, ராஜாக்களைக் கொள்ளையடித்தது, பேகம்களைப் பிழிந்தது என்ற பெரிய அயிட்டங்களோடு இந்த எருதுக் குத்தகையும் பட்டியலில் ஏறியது. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் சீமாட்டிகள் டிக்கெட்டுக்கு அலைந்து வந்து உட்கார்ந்து கேட்ட வழக்கு. 1788ல் ஆரம்பித்து 1795ல் முடிந்தது. விடுதலை. ஏழு வருஷம் ஓர் உழவு மாடு உழைக்கக்கூடிய காலம். நம் ஊர் தீவன ஊழல் வழக்குகள் இழுத்தடிக்கின்றன என்று சலித்துக்கொள்கிறவர்கள், இந்தப் பழக்கத்தின் கோத்திரம் எது என்று தெரிந்துகொள்ளட்டும்.

எதிர்ப்பக்கத்தில் கதையே வேறு. மைசூர்க்காரர்கள் மாட்டை வாடகைக்கு எடுக்கவில்லை. இலாகா வைத்து வளர்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சிக்கதேவராஜ உடையார் அரண்மனைக்கு வெண்ணெய் வேண்டும் என்று 'பெண்ணெ சாவடி' என ஓர் இலாகா வைத்தார். ராஜ்யம் முழுக்க மேய்ச்சலுக்கென்று காவல் நிலங்களை ஒதுக்கினார். ராஜாவின் தோசைக்கு வெண்ணெய் என்று தொடங்கிய இலாகா பின்னால் பீரங்கி இழுக்கப் போனது. சர்க்கார் இலாகா ஒருதரம் பிறந்துவிட்டால் என்ன வேலைக்குப் பிறந்தது என்பதை எல்லாரும் மறந்துபோவார்கள், சம்பளப் பட்டியல் மட்டும் மறக்காது.

பின்னால் மைசூரைத் தன் கைக்குள் கொண்டுவந்த ஹைதர் அலி வெண்ணெயைவிட மாட்டின் காலைக் கவனித்தார். தோற்ற பாளையக்காரர்களின் மந்தைகளையெல்லாம் வளைத்துப் போட்டார். அவரிடம் 60,000 எருதுகள் இருந்ததாகச் சொல்வார்கள். 1781 ஜூனில் கும்பினித் தளபதி சர் அயர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கி மூக்குடைபட்டுத் திரும்பிய நேரம். நடராஜர் சந்நிதி மதிலுக்குள் மைசூர்ப் படை உட்கார்ந்திருந்தது. சேதி ஹைதருக்குப் போனது. 100 மைலை இரண்டரை நாளில் தாண்டி, பீரங்கியோடு, கூட்டின் முன்னால் வந்து நின்றார். அந்தக் காலத்து கும்பினி மாடு இரண்டரை நாளில் பரங்கிமலை தாண்டினால் பெரிய விஷயம். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் சண்டை. ஹைதர் தோற்றார். ஆனால் தோற்றவர் பீரங்கிகளை மாட்டில் பூட்டிக்கொண்டு நிதானமாகப் போய்விட்டார். ஜெயித்த கூட்டுக்குத் துரத்த மாடில்லை. கடற்கரையோரமாகக் கப்பல் சாப்பாட்டை நம்பிக் குந்தியிருந்தார். வெற்றி வெள்ளைக்காரருக்கு, பீரங்கி ஹைதருக்கு.

இந்த மாட்டைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு வியப்பிருக்காது. சாம்பல் நிறம், ஒடுங்கிய நெற்றி, வயிறு ஒட்டி நீண்ட உடம்பு. கொம்பு இரண்டும் அடியில் நெருங்கிக் கிளம்பிப் பின்னால் சாய்ந்து, கழுத்துக்கு மேலே வளைந்து, நுனியில் ஊசியாக முடியும். பால் கறக்கலாம் என்று செம்பைத் தூக்கிக்கொண்டு போனால் கன்றுக்கே போதாது என்று தெரியும். காவலில் காட்டு விலங்குபோலத் திரிந்து வளர்ந்தது. மேய்ப்பவரைத் தவிர மற்றவர் நடந்து கிட்டே போனால் மூச்சு சீறும். பழக்குவதே ஒரு போர். அடைப்புக்குள் விரட்டி, கொம்பில் சுருக்குக் கயிறு எறிந்து, கம்பத்தில் கட்டி, திமிர் கொஞ்சம் இறங்கியதும் பழகிய கிழட்டு எருது ஒன்றுடன் ஜோடி சேர்த்துவிடுவார்கள். புதுசு ஓடப் பார்க்கும், பழசு அசையாது. மாதக்கணக்கில் அந்த மாமனார் மருமகன் வாழ்க்கை. அதற்குப் பிறகு நுகம்.

ஹைதரின் மகன் திப்பு சுல்தானுக்கு எதையும் பேர் மாற்றாமல் தூக்கம் வராது. ஊர்ப் பேரை மாற்றினார், மாதத்தின் பேரை மாற்றினார், அளவைகளை மாற்றினார். பெண்ணெ சாவடியும் அம்ரித் மஹால் ஆனது. ஆனால் பேரோடு நிற்கவில்லை. இலாகாவுக்கு ஒரு ஹுக்கும்நாமாவே எழுதினார்: எப்போது எந்தக் காவலில் மேய்ப்பது, எந்த வயதில் பழக்குவது, யார் கணக்கு வைப்பது என்று. அதில் பல விதிகள் அவர் செத்த பிறகும் நடப்பில் இருந்தன. வருஷாந்திர மஸ்டருக்குத் தானே வந்து நிற்பார், நல்ல மேய்ப்பருக்குப் பரிசு கொடுப்பார். புலி படம் போட்ட சிம்மாசனக்காரர் எதிரில் நிற்கும்போது புதருக்குப் பின்னால் சுற்றிவந்து இரண்டாம் தரம் தலை காட்ட எந்த மாட்டுக்குத் துணிச்சல் வரும்? கும்பினியின் ஜெனரல் மெடோஸ் பின்னால் துரத்தி வர, திப்பு இரண்டு நாளில் 63 மைல் போனது இந்த மாடுகளை நம்பித்தான். கும்பினியும் மைசூரும் மாட்டுக்காகக் கொட்டிய பணத்தில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வித்தியாசம், எண்ணிப்பார்க்க வந்தவருக்கு அந்த மாடு தன் கழுத்துக்கு வேண்டுமா, தன் பைக்கு வேண்டுமா என்பதில்தான்.

1799 மே 4. ஸ்ரீரங்கபட்டணம் விழுந்தது, திப்பு விழுந்தார், அம்ரித் மஹால் கைமாறியது. மந்தைகளை மைசூர் அரண்மனைப் பொறுப்பிலேயே விட்டு, பட்டாளத்துக்கு வேண்டும்போது எருது கொடுக்கவேண்டும் என்று கும்பினி ஏற்பாடு செய்தது. பொறுப்பு ஒருவர், பயன் இன்னொருவர் என்ற இந்த உன்னத ஏற்பாட்டில் பதின்மூன்றே வருஷத்தில் மந்தை உருக்குலைந்தது. 1813ல் பட்டாளத்தின் சப்ளை இலாகாவான மதராஸ் கமிசேரியட்டைச் சேர்ந்த கேப்டன் ஹார்வி வந்து சாவியை வாங்கிக்கொண்டார். பத்து வருஷத்தில் மந்தை இரட்டிப்பானது. மாட்டைப் பெருக்கிய ஓர் அதிகாரி! இந்த வரலாற்றில் அவரைப் போன்றவர்கள் குறைவு, அதனால் தனியாகக் குறித்துவைக்கிறேன்.

இதற்கிடையில் மைசூரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி மாட்டின் அருமையைத் தெரிந்துகொண்டார். அவருடைய கடிதங்களைப் புரட்டினால் வீரத்தைவிட எருது அதிகமாக வரும். பிற்பாடு வெலிங்டன் பிரபுவாகி ஸ்பெயினில் நெப்போலியனின் தளபதிகளோடு மல்லுக்கட்டியபோது, அச்சுக்கு எண்ணெய் காட்டாமல் ஊரையே எழுப்பிக்கொண்டு நகரும் போர்த்துக்கீசிய மாட்டு வண்டிகளைப் பார்த்து, மைசூர் எருது இங்கே இல்லையே என்று பலமுறை ஏங்கினாராம். வாட்டர்லூவில் ஜெயித்தவரின் தீராத குறை ஒரு ஜோடி மைசூர் எருது.

இந்தக் காலத்தில்தான் எங்கள் அல்சூர் பட்டாளத்தின் கண்ணில் பட்டது. 1807ல் வெள்ளைக்காரர் பெங்களூரில் முதலில் பாளயம் போட்டது இங்கேதான். அடுத்த ஓரிரு வருஷத்தில் கன்டோன்மென்ட் முழு உருவம் எடுத்தது. பட்டாளம் மதராஸ் பட்டாளம். அதன் பின்னாலேயே ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துச் சனம்: சமையல்காரர், சலவைக்காரர், கொத்தனார், வண்டிக்காரர், அரிசி மண்டிக்காரர், காய்கறிக் கடைக்காரர். அல்சூரில் தமிழ் பேசுகிறவர்களைப் பார்த்து "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால், "மாட்டோடு வந்தோம்" என்பதே நேர்மையான பதில். இன்றும் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் இருக்கிறார்கள். பட்டாளத்தில் அவர்களுக்குத் 'தம்பி' என்றே பேர்.

குத்தகைதாரர் என்றாலே களவாணி என்று எழுதிக்கொண்டு போகிறேன். அல்சூரில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் சோறு கிடைக்காது. ஆற்காடு நாராயணசாமி முதலியார் பட்டாள ஊரில் வியாபாரம் செய்து வளர்ந்தவர். அட்டாரா கச்சேரியைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர்தான். பதினெட்டு சர்க்கார் இலாகாக்களை ஒரே கூரையின் கீழ் அடைத்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1868ல் முடிந்து, இன்றைக்கும் ஹைகோர்ட்டாக விரிசல் விடாமல் நிற்கிறது. சம்பாதித்ததில் 1873ல் பள்ளிக்கூடம் வைத்தார்; அது அல்சூர் ஏரிப் பக்கம் அவர் பேரில் இன்னும் நடக்கிறது. இப்போதைய டெண்டர்காரர்கள் போடும் ரோடு அடுத்த மழைவரை நிற்பதில்லை என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மதராஸ் கமிசேரியட்டின் கையில் அம்ரித் மஹால் மாடு அரசாங்க உத்தியோகஸ்தராகவே ஆகிவிட்டது. அதற்கு மழைக்காலக் காவல், பனிக்காலக் காவல், கோடைக்காலக் காவல் என்று மூன்று ஜாகை. கோடையில் ஏரிப்படுகையும் மரநிழலும் இருக்கிற காவலுக்கு மாற்றல். மதராஸ் கவர்னரும் கோடை வந்தால் பைல்களைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போவார். இரண்டு கூட்டத்தில் எது திரும்பி வந்து வேலை செய்தது என்பதற்கு ஆதாரம் மாட்டின் பக்கம்தான் இருக்கிறது. முதல் ஆப்கன் போருக்கு 230 மைசூர் எருதுகள் போயின. சில நாள் பதினாறு மணி நேரத்துக்கு மேல் நுகத்திலேயே இருந்தனவாம். பட்டாளத்தில் இவற்றுக்கு ஈடான மாடே இல்லை என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். காபூலிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரப் படையைப் பற்றி அந்தமாதிரி யாரும் எழுதவில்லை.

பிறகு வந்தார் சர் சார்லஸ் ட்ரெவெலியன்.

பரீட்சை வைத்துத்தான் உத்தியோகம் கொடுக்கவேண்டும் என்று 1854ல் இங்கிலாந்துக்கு அறிக்கை எழுதிக்கொடுத்த இருவரில் ஒருவர். அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கஜானாவைக் காத்த புண்ணியவான். ஐரிஷ்காரர்கள் அவரை இன்னும் மறக்கவில்லை, நல்ல அர்த்தத்தில் அல்ல. 1859ல் மதராஸ் கவர்னராக வந்தார். 1857 கலகம் முடிந்து கஜானா காலி. எங்கே வெட்டலாம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தவருக்கு ஹுன்சூரில் மேயும் மந்தை தென்பட்டது. சண்டை இல்லை, ஆனால் மாடு தின்கிறது. ரயிலும் வந்துகொண்டிருந்தது. 1860ல் சிக்கனம் என்ற ஒரே வார்த்தையில் முடித்தார்: இலாகாவைக் கலை, மந்தையை விற்றுவிடு. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ரத்தம் பார்த்துச் சேர்த்த மந்தை ஏலத்துக்கு வந்தது. அந்த வருஷமே கவர்னரும் போனார். புதிதாக வந்த வருமான வரியை எதிர்த்து வைஸ்ராயின் நிதி மெம்பரோடு பகிரங்கமாக மோதியதில் லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வந்தார், மாட்டை விற்றார், போனார். மதராஸ் ராஜதானிக்கு அவர் செய்துவைத்த சிக்கனத்தில் அவருடைய கப்பல் டிக்கெட்டைக் கழித்தார்களா என்பது ஆடிட்டுக்குரிய கேள்வி.

விற்ற மந்தையில் கணிசமான பங்கை எகிப்து பாஷா வாங்கிக்கொண்டு போனார் என்பது மைசூர்ப் பக்கம் தலைமுறையாக எழுதிவரும் சேதி. மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்து, சர்க்கார் காவலில் மேய்ந்து, சர்க்கார் கணக்கில் எண்ணப்பட்ட மாடு, சர்க்காரே விற்க, கப்பலேறிச் சூயஸ் பக்கம் போனது. மானியம் நம்முடையது, மாடு பாஷாவுடையது. ஹைதரின் பீரங்கியை இழுத்த வம்சம் நைல் நதிக்கரையில் தண்ணீர் இறைத்ததோ என்னவோ.

கப்பலேறிய மாட்டுக்கு இன்னொரு விதமான ஜாதகமும் உண்டு. நெல்லூர், ஓங்கோல் பக்கத்து வெள்ளைக் காளைகள் பிரேசிலுக்குப் போயின. அங்கே நெல்லூரின் பேரையே வைத்து 'நெலோர்' என்று கூப்பிடுகிறார்கள். அந்த நாட்டு மந்தையில் பெரும்பங்கு இன்றைக்கு அதன் வம்சம். 1960களின் ஆரம்பத்தில் கடைசியாகப் போன பெரிய கூட்டத்தை நோய் இருக்கிறதா என்று பார்க்க, கடலுக்கு நடுவில் பெர்னாண்டோ டி நொரோனியா தீவில் இறக்கிக் காவலில் வைத்தார்கள். நம் ஊரில் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே மாட்டு லாரியை நிறுத்தும் செக்போஸ்ட்டில் என்ன பரிசோதனை நடக்கிறது என்று அத்திப்பள்ளிப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மாட்டின் வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மைசூருக்குத் திரும்புவோம். மந்தையை விற்ற கொஞ்ச வருஷத்திலேயே பட்டாளத்துக்கு எருது தேவைப்பட்டது. சந்தையில் விலை ஏறிக் கிடந்தது. நல்ல மாடு இல்லை. விற்றது தப்பு என்று இந்திய சர்க்காருக்கு ஞானம் வந்து, 1866ல் அதே இலாகாவை மறுபடி திறக்க உத்தரவு போட்டது. சிதறிய மாட்டை யாரிடம் போய்ப் பொறுக்குவது? வயதான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கைகொடுத்தார். ராஜ்யத்தை 1831லேயே வெள்ளைக்காரர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜ்யம் இல்லாத ராஜாவிடம் மாடு கேட்டுப் போய் நின்றார்கள். மாட்டின்மேல் அவருக்கு உயிர். கொடுத்தார். 1881ல் ராஜ்யம் உடையார் வம்சத்துக்குத் திரும்பியது. அடுத்த ஓரிரு வருஷத்தில் அம்ரித் மஹாலையும் மதராஸ் சர்க்கார் மைசூருக்கு விலை பேசிக் கொடுத்தது. மைசூர்க்காரர் வளர்த்த மாட்டை எடுத்து, கெடுத்து, வளர்த்து, விற்று, திரும்ப மைசூரிடமே கடன் வாங்கிச் சேர்த்து, கடைசியில் மைசூருக்கே காசுக்கு விற்ற சாமர்த்தியத்தை எந்த மேலாண்மைக் கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள்? அல்சூர் மட்டும் திரும்பவில்லை. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பேரில் 1947வரை வெள்ளைக்காரர் கையிலேயே இருந்தது. கமிசேரியட் போனாலும் கமிசேரியட் ரோடு இன்னும் இருக்கிறது. எருது நிற்கவேண்டிய இடத்தில் மால். பார்க்கிங் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று அங்கேயும் வசூலிக்கிறார்கள்.

இதெல்லாம் கும்பினிக் காலத்துச் சங்கதி, இப்போது கணக்கு கம்ப்யூட்டரில் என்று நினைப்பவர்கள் கடலைத் தாண்டிக் கொழும்பைப் பார்க்கலாம். பாலில் தன்னிறைவு என்ற கனவில் இலங்கை அரசு ஆஸ்திரேலிய ஏற்றுமதி நிறுவனமான வெல்லார்டோடு 20,000 கறவைப் பசுக்களுக்கு ஒப்பந்தம் போட்டது. கடன் கொடுத்தது ரபோ பாங்க். அந்தக் கடனுக்குப் பின்னால் நின்றது ஆஸ்திரேலிய அரசின் ஏற்றுமதிக் கடன் நிறுவனம். 2017ல் முதல் 5,000 பசுக்கள் கப்பலில் வந்து இறங்கின. குளிர்தேசத்துப் பசு, இலங்கை வெயில். நோய், கருச்சிதைவு, சாவு, சொன்னதில் பாதிகூடக் கறக்காத மடி. வாங்கிய விவசாயிகள் கடனில் விழுந்தார்கள். பசு நோயோடு ஏறியதா, இறங்கிய இடத்தில் பிடித்ததா என்று இரண்டு பக்கமும் காகிதம் காட்டிக்கொண்டார்கள். கப்பலேறும் முன் பரிசோதித்த சான்றிதழ் சுத்தமாக இருந்தது. மஸ்டர் அன்று எல்லா மாடும் வரிசையில் நிற்கும் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன்.

அம்ரித் மஹாலுக்கு வருவோம். இலாகா இன்னும் இருக்கிறது. சிக்கமகளூர் மாவட்டம் அஜ்ஜம்புராவில் சர்க்கார் பண்ணை. வருஷத்துக்கொருமுறை காளைக் கன்றுகளை ஏலம் விடுகிறார்கள். ஹாவேரி, தாவணகெரேப் பக்கத்து விவசாயிகள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, ஜோடிக்கு லட்சத்தைத் தாண்டிக் கூவுகிறார்கள். அந்தக் காளையை ஏரில் பூட்டவேண்டும் என்று அத்தனை பேரும் வாங்குவதில்லை. வாசலில் கட்டி, கொம்புக்குப் பித்தளைக் குப்பி மாட்டி, ஊர் பார்க்க நிறுத்துவதற்கு வாங்குகிறவர்களும் உண்டு. கௌரவத்துக்கு மாடு வாங்கும் ஒரே கூட்டம் அதை எண்ணிப்பார்க்கும் கூட்டமாகவும் இருக்கிறது. ஒரு கன்று குறைந்தால் வீட்டில் சோறு இறங்காது.

மாடு மிஞ்சியது, காவல் மிஞ்சவில்லை. லட்சக்கணக்கான ஏக்கராக இருந்த நிலத்தை ஒவ்வொரு சர்க்காரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்தது. சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் மிஞ்சியிருந்த பெரிய புல்வெளியையும் 2008ஆம் ஆண்டுக்குப் பின் பங்கு போட்டார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவுக்கு 4,290 ஏக்கர், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு 1,810, இந்திய அறிவியல் கழகத்துக்கு 1,500, இஸ்ரோவுக்கு 573. கிராமத்து ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கு மைல்கணக்கில் மதில். பசுமைத் தீர்ப்பாயம்வரை போய் வாதாடினார்கள். மாடே குறைந்துவிட்டதே, இவ்வளவு நிலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் போனதால்தானே மாடு குறைந்தது என்று சொன்னால், அது வேறு இலாகா.

ஹைதரின் பீரங்கி மாடு மேய்ந்த இடத்தில் இப்போது டிஆர்டிஓவின் ஆளில்லா விமானங்கள் பழகுகின்றன. கொம்பில் சுருக்குப் போடத் தேவையில்லை, ஆனால் பழக்கம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. 2019 செப்டம்பர் 17ஆம் தேதி, ருஸ்தம் என்று பேர் வைத்த ஒன்று சோதனைப் பயணத்தின்போது ஜோடிச்சிக்கேனஹள்ளி கிராமத்துத் தோட்டம் ஒன்றில் விழுந்தது. ஆள் சேதம் இல்லை. ஊரே திரண்டு வந்து பார்த்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்னதான் மேய்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்கள் கிட்டத்தில் கண்டார்கள்.